தொட்டியின் அடியில் கூழாங்கல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் தொட்டிச் செடி வளர்ப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் மூன்று யோசனைகள் இருந்தன. தொட்டியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது ஒன்று. களிமண்தான் அதிகத் தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதனால் தண்ணீர் ஊற்ற மறந்துபோகிறவர்களுக்கு அதுதான் ஏற்றது என்பது இரண்டாவது. தினமும் கொஞ்சமாகத் தெளித்தாலே போதும் என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு. மண்ணை ஒரு குடம் மாதிரி நினைத்துக்கொள்வதால் வருகிற தவறுகள் இவை. குடத்தில் ஊற்றினால் தண்ணீர் அடியில் போய் நிற்கும், அடியில் ஓட்டை இருந்தால் முழுக்க ஒழுகிவிடும், உள்ளே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் மொண்டு எடுத்துக்கொள்ளலாம். மண் இந்த மூன்றில் எதையும் செய்வதில்லை.

கூழாங்கல்லில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் நான் ஒரு நல்ல ரோஜாச் செடியை இழந்திருக்கிறேன். இதே யோசனையை வேறோர் இடத்தில் படித்து, கல்லைக் கழுவிக் காயவைத்துப் பொறுமையாக அடுக்கி, அதன்மேல் மண்ணை நிரப்பித்தான் நட்டேன். இரண்டு மாதத்தில் இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. மேல் மண்ணைத் தொட்டால் காய்ந்திருந்தது, அதனால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். செடி போன பிறகு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கற்களுக்கு நடுவில் வெறும் காற்று, கல்லுக்கு மேலே ஒட்டியிருந்த மண்ணோ கையில் எடுத்துப் பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு ஈரம். வேரெல்லாம் பழுப்பேறி அழுகிய வாடை. வடிவதற்காகப் போட்ட கல்லுக்கு நேர்மேலேயே தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது.

இது ஏன் என்று புரிய ஒரு ஸ்பாஞ்ச் போதும். பாத்திரம் துலக்கும் செவ்வக ஸ்பாஞ்ச் ஒன்றைத் தண்ணீரில் முக்கி, நன்றாக ஊறவிட்டு, அழுத்தாமல் எடுத்துக் கையில் படுக்கை வாட்டத்தில் பிடியுங்கள். சொட்டும், பிறகு சொட்டு நின்றுவிடும். நின்ற பிறகும் ஒரு நிமிடம் காத்திருங்கள். அப்புறம் அதை மெதுவாகத் திருப்பி, நீள வாட்டம் மேலும் கீழுமாக இருக்கும்படி நிறுத்திப் பிடியுங்கள். மறுபடியும் ஒழுக ஆரம்பிக்கும்! நான் செய்தபோது இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் இறங்கியது. ஸ்பாஞ்ச் அதேதான், உள்ளே இருந்த தண்ணீரும் அதேதான், யாரும் பிழியவும் இல்லை, உயரம் மட்டும்தான் மாறியது. இப்போது ஸ்பாஞ்சை விரலால் தொட்டுப் பார்த்தால் மேல்பாதி வெறும் ஈரமாகவும் அடிப்பகுதி மட்டும் தண்ணீர் நிறைந்தும் இருக்கும்.

அடியில் நிற்கும் அந்த நிறைந்த பட்டைதான் விஷயம். ஸ்பாஞ்சோ மண்ணோ, நுண்ணிய துளைகள் உள்ள எதை எடுத்தாலும் வடிந்து முடிந்த பிறகு அடியில் ஒரு பட்டை தண்ணீர் நிறைந்தபடியே நின்றுவிடும், அதன் உயரத்தைத் துளைகளின் அளவுதான் தீர்மானிக்கும், தொட்டியின் உயரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஒரு கணக்குப் பாருங்கள். 30 செ.மீ. உயர மண்ணில் அந்தப் பட்டை 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், வேருக்குக் காற்றும் ஈரமும் சேர்ந்து கிடைக்கிற இடம் 25 செ.மீ. அதே தொட்டியில் 8 செ.மீ. கல் போட்டால் மண் 22 செ.மீ.தான், பட்டை 5 செ.மீ. அப்படியே கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு மிஞ்சுவது 17 செ.மீ. கல் போட்டதால் வடிகால் கூடவில்லை, செடியின் இடம்தான் மூன்றில் ஒரு பங்கு போனது.

தண்ணீர் ஏன் மண்ணிலிருந்து கல்லுக்குள் இறங்க மாட்டேன் என்கிறது? மண்ணின் சின்னத் துளைகள் தண்ணீரை இழுத்துப் பிடித்திருக்கின்றன, கற்களுக்கு இடையே உள்ள பெரிய இடைவெளிக்கு அப்படி இழுக்கிற சக்தி இல்லை. எல்லையில் இருக்கும் மண் முழுக்க நிறைந்து, இனிமேல் பிடிக்க முடியாது என்ற நிலை வந்தால்தான் சொட்டு கீழே விழும். இதை விஷயம் தெரிந்தவர்கள் தண்ணீரைத் தேக்கிவைக்கவே பயன்படுத்துகிறார்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட புல்தரை அமைப்பு முறையில் ஏறத்தாழ 30 செ.மீ. மணல் கலவைக்குக் கீழே 10 செ.மீ. சரளை அடுக்கு வரும். அதிகமாக வந்த தண்ணீரை வெளியேற்றுவதோடு, மணல் சீக்கிரம் காய்ந்துவிடாமல் அதன் அடியில் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்பதற்கும் அந்தச் சரளைதான் காரணம். நாம் தண்ணீர் தேங்கக்கூடாது என்று போடுகிற அதே கல்லை அவர்கள் தண்ணீர் தங்கட்டும் என்று போட்டிருக்கிறார்கள்.

இழுத்துப் பிடிப்பது என்று சொன்னேன். மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டும், மண் துகளின் பரப்போடும் ஒட்டும், இரண்டும் சேர்ந்துதான் ஒரு மெல்லிய குழாயில் தண்ணீர் தானாக ஏறுகிறது. பள்ளிக்கூடத்தில் பரப்பு இழுவிசை, நுண்புழை ஏற்றம் என்று படித்தது இதுதான். கணக்கு எளிது. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையில் தண்ணீர் சுமார் 3 செ.மீ. ஏறும். துளை பத்தில் ஒரு பங்கானால் 30 செ.மீ., நூறில் ஒரு பங்கானால் 3 மீட்டர். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: நூறில் ஒரு மில்லிமீட்டர் துளையில் இருக்கும் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டுமென்றால் 3 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து உறிஞ்சுகிற அளவுக்கு இழுக்க வேண்டும்.

மழையோ பாசனமோ நின்று, புவியீர்ப்பு தன்னால் முடிந்ததையெல்லாம் கீழே இழுத்துக்கொண்டு போன பிறகு, ஏறக்குறைய அந்த நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவுத் துளைகளிலும் அதைவிடச் சிறியவற்றிலும்தான் தண்ணீர் மிச்சம் இருக்கும். மணலில் இந்த நிலை ஒரே நாளில் வந்துவிடும், களியில் மூன்று நான்கு நாளாகும். வேளாண்மை படித்தவர்கள் வயல் கொள்திறன் என்பார்கள், நிலத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மண் பதமாக இருக்கிறது என்றாலே போதும். அதற்குப் பிறகு வேர் உறிஞ்சுகிறது, பெரிய துளைகள் முதலில் காலியாகின்றன, மிச்சமுள்ள தண்ணீர் மேலும் மேலும் சின்னத் துளைகளுக்குள் ஒதுங்குகிறது, ஒவ்வொரு சொட்டுக்கும் செடி இன்னும் பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய 150 மீட்டர் ஆழத்திலிருந்து இழுப்பதற்குச் சமமான நிலை வரும்போது பெரும்பாலான பயிர்களால் முடியாமல் போகிறது. அப்போது தண்ணீர் இருக்கும் துளைகள் 0.0002 மில்லிமீட்டர், அதாவது பாக்டீரியா பலவும்கூட நுழைய முடியாத இடுக்கு. செடி வாடும், இரவில் குளிர்ந்தாலும் நிமிராது. இதைத்தான் நிரந்தர வாடல் நிலை என்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் உங்கள் கட்டுரையின் களிமண் யோசனை சறுக்குகிறது. வாடல் நிலையில் மண்ணுக்குள் தண்ணீரே இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. நல்ல களிமண்ணில் அந்த நிலையிலும் கன அளவில் கால் பங்கு வரை தண்ணீர் இருக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பு, 30 செ.மீ. ஆழம் என்றால் மொத்தம் 300 லிட்டர் மண், அதில் சுமார் 75 லிட்டர் தண்ணீர். அத்தனை தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டு செடி சாகிறது! பக்கத்தில் அதே பரப்பில் மணல் இருந்து, அதில் 30 லிட்டர்தான் இருக்கிறதென்றால் அங்கே செடி நன்றாகத் தழைத்து நிற்கும், ஏனென்றால் மணலுக்கு அதுதான் ஏறத்தாழ முழு வயல் கொள்திறன். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மட்டும் கேட்டால் இந்த இரண்டு செடிகளின் நிலைமையையும் தலைகீழாகப் புரிந்துகொள்வோம், எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதை முதலில் தெளிவாக எழுதியவர் எட்கர் பக்கிங்ஹாம் என்ற இயற்பியலாளர். அமெரிக்க வேளாண் துறையின் மண் பிரிவில் வேலை பார்த்தபோது செய்த ஆய்வு, 1907-இல் வெளிவந்தது. உயரமான குழல்களில் மண்ணை நிரப்பி, அடியைத் தண்ணீரில் வைத்து, நாள்கணக்காகக் காத்திருந்து, ஒவ்வோர் உயரத்திலும் எவ்வளவு ஈரம் நிற்கிறது என்று அளந்தார். ஒரே உயரத்தில், அதாவது ஒரே இழுப்பில், களி அதிகமாகவும் மணல் குறைவாகவும் வைத்திருந்தன. ஈர அளவு வேறு, அதைப் பிடித்திருக்கும் விசை வேறு என்று பிரித்துக் காட்டியது அந்த வேலைதான். ஐந்து வருடம் கழித்து, 1912-இல், பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்ற இருவர் பலவகைச் செடிகளைப் பலவகை மண்ணில் வளர்த்து வாடவிட்டுப் பார்த்தார்கள். செடியை மாற்றினால் வாடும்போது மண்ணில் மிச்சமிருந்த ஈரம் அவ்வளவாக மாறவில்லை, மண்ணை மாற்றினால்தான் பெரிதாக மாறியது. எனக்கு இந்த முடிவு மிகவும் பிடிக்கும். செடி வாடியதும் அது தாங்காத செடி என்று செடியைத்தான் நாம் குறை சொல்கிறோம், பாதி நேரம் அதற்குக் காரணம் காலடியில் இருக்கிறது.

களி ஏன் இவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்றால், துகள் அவ்வளவு சின்னது. மணல் துகள் 2 மில்லிமீட்டரில் தொடங்கி 0.05 மில்லிமீட்டர் வரை. களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் கீழே, அதுவும் உருண்டையாக இல்லாமல் தகடு தகடாக. ஒரு கிராம் மணலின் துகள்பரப்பையெல்லாம் விரித்துப் போட்டால் உள்ளங்கை மூடுகிற அளவுதான் இருக்கும், ஆனால் ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் வெடிக்கிற கரிசல் மண்ணில் இருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்ற களித்தாதுவில் ஒரே கிராமுக்கு 800 சதுர மீட்டர் வரை போகும். அத்தனை பரப்பிலும் தண்ணீர் படலமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டிக்கொண்டதை வேர் பிய்த்தெடுக்க முடிவதில்லை.

அப்படியென்றால் எந்த மண் செடிக்கு அதிகம் கொடுக்கிறது? நடுவில் இருப்பது. மணல், வண்டல் (மணலைவிடச் சின்னதும் களியைவிடப் பெரியதுமான துகள்), களி மூன்றும் கலந்த, வண்டல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் மண். கன அளவில் ஏறத்தாழச் சொன்னால் மணலில் செடிக்குக் கிடைப்பது 6, 7 சதவீதம், களியில் 14, 15, வண்டல் தூக்கலான கலவையில் 20 வரை. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கையிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு பிடி மண்ணைப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடா மாதிரி தள்ளுங்கள். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். இரண்டு மூன்று செ.மீ.க்குள் ஒடிந்தால் கலவை மண். 5 செ.மீ.க்கு மேல் ஒடியாமல் தொங்கினால் களி. அதைவிடத் தெளிவாக வேண்டுமென்றால் கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் படிந்துவிடும், வண்டல் படிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், களி மறுநாளும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். அந்தக் கலங்கலைப் பார்க்கும்போது, தகடுகள் எவ்வளவு சின்னது என்பது எந்த எண்ணும் சொல்லாத வகையில் புரியும்.

களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் சரியாகிவிடும் என்றும் பலர் எழுதுகிறார்கள். கொஞ்சம் கலந்தால் ஆகாது. மணல் துகள்களுக்கு நடுவில் இருக்கும் இடத்தையெல்லாம் களி அடைத்துக்கொண்டு இன்னும் கெட்டியாகத்தான் போகும். மொத்த மண்ணில் பாதிக்கு மேல் மணலாக இருந்தால்தான் மாற்றம் தெரியும், அவ்வளவு மணலைக் கொட்டுவது கிட்டத்தட்ட புது மண் போடுவதற்குச் சமம்.

மட்கு உரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உண்மையும் மிகைப்படுத்தலும் கலந்து ஓடுகின்றன. மட்கு சேர்த்தால் மண் பல மடங்கு தண்ணீரைப் பிடிக்கும் என்று எங்கும் படிக்கிறோம். 2018-இல் மினாஸ்னி, மெக்பிராட்னி என்ற இரண்டு மண் அறிஞர்கள் உலகம் முழுவதும் எடுக்கப்பட்ட அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மண்ணின் கரிமக் கார்பன், அதாவது மட்கிய பொருளாக மண்ணில் இருக்கும் கார்பன், எடையில் 1 சதவீதம் கூடினால் செடிக்குக் கிடைக்கும் தண்ணீர் சராசரியாகக் கன அளவில் 1.16 சதவீதம்தான் கூடியது. 30 செ.மீ. ஆழத்துக்கு அது சதுர மீட்டருக்கு மூன்றரை லிட்டர். மணல் மண்ணில் பலன் கூடுதல், களியில் ரொம்பக் குறைவு. அதற்காக மட்கு வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். மட்கு செய்கிற பெரிய வேலை வேறு: துகள்களை ஒட்டவைத்துச் சின்னச் சின்ன உருண்டைகளாக்குகிறது, உருண்டைகளுக்கு நடுவில் பெரிய துளைகள் உண்டாகின்றன, பெய்கிற மழை மேலே ஓடிப்போகாமல் உள்ளே இறங்குகிறது, வேருக்குக் காற்று கிடைக்கிறது. உள்ளே இறங்காத தண்ணீரை எந்த மண்ணாலும் பிடித்துவைக்க முடியாதே.

அந்தப் பெரிய துளைகளைத்தான் நாம் மிதித்துக் கெடுக்கிறோம். நல்ல மண்ணில் கன அளவில் பாதி வெறும் இடம். ஒரு கன சென்டிமீட்டர் மண் உலர்ந்த நிலையில் 1.3 கிராம் இருக்கும், அதே மண் துகள்கள் இடைவெளியே இல்லாமல் இருந்தால் 2.65 கிராம் இருந்திருக்கும், அந்த வித்தியாசம்தான் காற்றும் தண்ணீரும் போய்வருகிற இடம். ஈரமாக இருக்கும்போது மிதித்தாலோ வண்டி ஏறினாலோ முதலில் நசுங்குவது பெரிய துளைகள், 1.6 கிராமுக்குப் போய்விட்டால் களிமண்ணில் வேர் இறங்கவே திணறும். மழை விட்டதும் பாத்தியில் இறங்காதீர்கள், ஒரு நாள் பொறுங்கள்.

சரி, தினமும் கொஞ்சம் தெளிப்பதற்கு வருகிறேன். மண்ணில் தண்ணீர் ஊற்றினால் மொத்த மண்ணும் லேசாக ஈரமாகும் என்று தோன்றும். அப்படி ஆகாது. மேல் மண் தன் கொள்திறன் வரைக்கும் நனைந்த பிறகுதான் அடுத்த அடுக்குக்கு விடும். காய்ந்த கலவை மண்ணில் 3 மில்லிமீட்டர் தண்ணீர், அதாவது சதுர மீட்டருக்கு 3 லிட்டர் தெளித்தால் நனைவது மேலே 2 செ.மீ. மட்டும், அதற்குக் கீழே நேற்று எப்படி இருந்ததோ அப்படியே காய்ந்து கிடக்கும். கத்தியால் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள், கோடு போட்ட மாதிரி மேலே கறுப்பு, கீழே வெளுப்பு. அந்த 2 செ.மீ. ஈரமும் வெயில் ஏறினால் ஆவியாகிவிடும், வேரும் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சில நாள் விட்டு, ஆழம் வரை இறங்கும்படி ஒரேயடியாக ஊற்றுவதுதான் செடிக்குப் போய்ச்சேரும். ஒரு விஷயம், ரொம்பக் காய்ந்துபோன மண், அதுவும் இலைமட்கோ பீட் என்ற சதுப்புநில மட்கோ அதிகம் கலந்தது, முதலில் தண்ணீரை ஏற்காது. மட்கிய பொருளிலிருந்து வரும் மெழுகு போன்ற பூச்சு துகள்மேல் படிந்திருப்பதால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு, தொட்டியின் ஓரமாக இறங்கி அடியில் வெளியேறிவிடும். அடியில் தண்ணீர் வந்துவிட்டதே என்று நிறுத்திவிட்டால் நடு மண் காய்ந்தே இருக்கும். கொஞ்சம் ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஊற்ற வேண்டும்.

உலகத்து ஆறுகளில் எல்லாம் ஒரு நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் சுமார் 2,000 கன கிலோமீட்டர், மண்ணுக்குள் ஈரமாக இருப்பது சுமார் 16,500 கன கிலோமீட்டர். ஆற்றுநீர் பற்றி நாளிதழ்களில் தினமும் செய்தி வருகிறது. எட்டு மடங்கு இருக்கும் இன்னொன்றைப் பற்றி வருவது தோட்டக் குறிப்பில் மட்டும்தான் என்பதால், அந்தக் குறிப்பாவது சரியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன்.

என் புதுத் தொட்டியில் கல் கிடையாது. ஓட்டையின்மேல் மண் ஒழுகாமல் இருக்க ஒரு துண்டு வலை, அதற்கு மேல் விளிம்பு வரை ஒரே கலவை. தொட்டியும் அகலத்தைவிட உயரம் கூடியதாகப் பார்த்து எடுத்தேன். செடி மூன்றாவது முறை பூத்திருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையில் தொட்டியைக் குறுக்கே வெட்டி, அடியில் கூழாங்கல் அடுக்கைக் காட்டும் படம் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். படித்ததை மறந்தவர்களுக்கும் அந்தப் படம் நினைவில் நிற்கும். திருத்தம் வெளியிடும்போது அதே அளவில், அதே இடத்தில், ஸ்பாஞ்சின் இரண்டு படங்களைப் போடுங்கள், படுத்திருப்பது ஒன்று, நிற்பது ஒன்று, நிற்கும் ஸ்பாஞ்சுக்குக் கீழே சொட்டிய தண்ணீர் ஒரு தட்டில்.

இப்படிக்கு,
தொட்டிச் செடி வளர்க்கும் ஒரு வாசகர்